அக்கா தோளுக்கு ஒரு பை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் மேசையில் போட்டிருப்பாய். எப்போது பிரித்தாயோ, பிரித்தவரைக்கும் சந்தோஷம். போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்றால், உன் அத்தான் இப்போது முழுநேரமும் வீட்டில்தான் இருக்கிறார். சமையலறையில் நான் ஒரு பெருமூச்சு விட்டால்கூட கூடத்திலிருந்து "என்ன?" என்று குரல் வருகிறது. இந்த விஷயம் அவர் காதில் விழக்கூடாது.

நவம்பரில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். பெரியப்பா மகள் சொல்லியிருப்பாள். நீ வரவில்லை. அதைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். பார், எழுதிவிட்டேன்.

டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது, இனி நன்றாக நடக்க வேண்டியதுதான் என்கிறார். இவர் நடக்கமாட்டேன் என்கிறார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தெருவில் ஒரு சுற்று போய் வரலாம் என்றால், "தெருவுல என்ன இருக்கு?" மாடிப்படி ஏறும்போது இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தும்மி முடித்ததும் என்னைப் பார்க்கிறார், பிழைத்துக்கொண்டேனா என்று கேட்பதுபோல. பயம் தம்பி. வாய்திறந்து சொல்லமாட்டார்.

போன வாரம் அவராகவே ஒரு வார்த்தை சொன்னார். "கோல்ஃப் மைதானத்துக்குப் போனா நடப்பேன். ஆனா அந்த பேட்டரி வண்டியில என்னை ஏத்தக்கூடாது. ஆடினா நடந்துதான் ஆடுவேன்." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் நடந்து ஆடுவதென்றால் மட்டைகளை யாராவது சுமக்க வேண்டும். அவருடைய பழைய தோல் பை காலியாக இருந்தாலே கன்றுக்குட்டி கனம் கனக்கும். அவர் இப்போதைக்கு எதையும் தூக்கக்கூடாது. பை தூக்க ஆள் வைக்கலாம் என்றால், "முன்பின் தெரியாதவன் முன்னால நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்கிறார்.

அதனால் நான் தூக்கப்போகிறேன். அவர் ஆடட்டும், நான் பையோடு பின்னால் போகிறேன். ஏதாவது ஆனால் பக்கத்தில் இருப்பேன். அதுதான் என் கணக்கு.

நான் லிஃப்ட் சோதிக்கிறவள். எத்தனை பேர் ஏறலாம் என்று பலகை எழுதத் தெரியும், இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரில் தேடினால் பைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நீ அந்த விளையாட்டுச் சாமான் கடையில் கோல்ஃப் பிரிவையே பார்த்துக்கொள்கிறாய். ஐம்பத்தாறு வயதுப் பெண் தூக்கிக்கொண்டு நடக்க எந்தப் பை நல்லது? நோயாளிக்காக வாங்கினதுபோல் தெரியக்கூடாது.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்தேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதையே உன்னிடமும் கேட்கிறேன். உயரம் எவ்வளவு? தோளில், முதுகில் பழைய வலி உண்டா? அந்த மைதானத்தில் நான் கடைசியாக ஆடிய பிறகு பாதையை மாற்றியிருக்கிறார்களா? எத்தனை மட்டை எடுத்துப் போவதாக உத்தேசம்? பதினான்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. பதினான்கும் வேண்டும் என்று விதி இல்லை.

முதலில் எனக்குப் புரியாதது இதுதான்: தள்ளுவண்டி ஏன் வேண்டாம்? மூன்று சக்கரம். பையை அதில் கட்டிவிட்டால் கைக்குழந்தை வண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகலாம். உன் வயதில் தோளில் சுமப்பதைவிட அது நல்லது.

நான் வராததைப் பற்றி. வந்திருந்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார், நான் எங்கே வைத்துக்கொண்டிருப்பேன்? நானும் அவரும் ஜோடியாக ஆடிய கடைசிப் போட்டி அது. ஜெயிக்கிற இடத்தில் இருந்தோம். சொந்த ஜோடி, சொந்த மைத்துனன், அவனைப் பற்றிக் கமிட்டியிடம் போய், "இவன் கை பட்டு பந்து அசைஞ்சுது, நான் பார்த்தேன்" என்று சொல்கிற மனிதரை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அதற்குத் தண்டனை போட்டுத் தோற்கடித்தார்கள். பந்து அசையவில்லை. காற்றுக்குப் புல்தான் அசைந்தது. இதை நான் சாகிறவரைக்கும் சொல்வேன்.

சரி, அது இருக்கட்டும். உயரத்தை எழுது. சாப்பிடுகிறாரா?

தம்பி


பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறார். உப்பில்லை என்று தினமும் ஒரு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்.

என் உயரம் ஐந்தடி இரண்டு. தோளில் வலி இல்லை. தள்ளுவண்டிக் கதையைக் கேள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அதே கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அவருடைய வண்டியை, மட்டைகளோடு ஒத்திகைக்காக வாங்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். முதல் சரிவிலேயே பிரேக் போட மறந்துவிட்டேன். வண்டி என் கையை விட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் போய்க் குளத்தில் இறங்கியது. தோட்டக்காரர் முட்டியளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு மட்டையாக எடுத்துக் கொடுத்தார். பல் டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். ஆனால் பல் தெரியாமல் சிரித்தார். தவிர, இப்போது மூன்றாவது குழி முடிந்ததும் ஓடைக்கு மேல் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் படி. வண்டியை அங்கே தூக்கத்தான் வேண்டும். ஆகவே தோளில் மாட்டுகிற பைதான்.

பழகிக்கொண்டிருக்கிறேன். முதுகுப்பையில் தடித்தடியான புத்தகங்களை அடைத்து, வேலைக்குப் போகிற கட்டிடங்களில் மேலே இயந்திர அறை வரைக்கும் படியேறுகிறேன். சோதிக்க வந்தவளே லிஃப்டில் ஏறாமல் படியில் போவதைப் பார்த்து ஒரு வாட்ச்மேன், "மேடம், லிஃப்ட் அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று பயந்துபோனார். ஐந்தாவது மாடியில் கண் லேசாக இருட்டிக்கொண்டு வந்தது, மூச்சு பிடிபடவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வயசு. பழகப் பழகச் சரியாகிவிடும்.

இவரைப் பற்றித்தான் கவலை. பகலில் கண்ணயர்ந்தால் சட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், போ" என்கிறார்.

பந்து அசைந்ததா, புல் அசைந்ததா எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்தப் பந்தை எடுத்துக் குளத்தில் எறிந்திருப்பேன்.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

மூன்று பைகளில் மட்டைகளைப் போட்டு நானே தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மேலாளர் வந்து, "விக்கச் சொன்னா நீயே தூக்கிட்டுத் திரியறியே" என்றார். பில் போடும் பெண் ஏறத்தாழ உன் உயரம், அவளையும் நடக்கவைத்தேன்.

எல்லாரும் காலிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லேசாக இருக்கிறது என்று வாங்கிப் போகிறார்கள். காலியாக இருந்தால் எல்லாப் பையும் லேசுதான். மட்டை, பந்து, தண்ணீர் எல்லாம் போட்டு, ஒரு மேடு ஏறினால்தான் அதன் குணம் தெரியும். குழல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது, இருப்பதிலேயே கனம் குறைவு. உனக்கு அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். ஆனால் அதற்குக் கால் கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் தரையில் கிடத்தி, குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவளுக்கு அது ஆகாது.

ஆகவே கால் உள்ள பை. தரையில் வைத்துச் சாய்த்தால் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தானாக நிற்கும். பட்டை இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி. ஒற்றைப் பட்டை உடம்பை ஒரு பக்கமாக இழுக்கும். இடுப்பில் உராயும் இடத்தில் மெத்தை இருக்கிறது. கரும்பச்சை நிறம். நோயாளி சமாசாரம் எதுவும் தெரியாது. மட்டை எட்டு போதும். அந்த நீளமான இரும்பு மட்டையை விடமாட்டேன் என்பார். வீட்டிலேயே மறந்துவிட்டதாகச் சொல். நெஞ்சு வலித்தால் அவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பையின் அடியில் போட்டுவிட்டுத் தேடாதே. உன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

இப்போது வேறு விஷயம். கண் இருட்டியது, மூச்சு பிடிபடவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அவர் சட்டைக்குப் போய்விட்டாய். இது எத்தனை நாளாக? டாக்டரிடம் சொன்னாயா? அவருடைய டாக்டரிடம் அல்ல, உனக்கு ஒரு டாக்டர்.

பையைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம்.

தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

பை வந்தது. கடையில் வாங்கினேன் என்று கூசாமல் சொன்னேன். அவர் பட்டையைப் பிடித்துப் பார்த்தார். என் தோளில் மாட்டச் சொன்னார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. "இது கடையில வாங்கினது இல்ல. உன் உயரம் தெரிஞ்சவன் இழுத்துக் கட்டினது" என்றார். நான் பையைக் கழற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இது எனக்கு இல்ல, நீ தூக்கறதுக்கு" என்றார். கோபித்துக்கொண்டு மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஷூவைத் தேடினார் தம்பி!

முதல் அடியில் பந்து எங்கள் காலடியைத் தாண்டவில்லை. நெஞ்சு பிரிந்துவிடுமோ என்று பாதி வீச்சிலேயே கையை நிறுத்திவிடுகிறார். நான் சட்டைப் பையில் மாத்திரையை அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். இரண்டாவது குழியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பந்து மேலே போய் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர் சிரித்தார். மூன்று குழி நடந்துவிட்டுத் திரும்பினோம். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறோம்.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு ஒன்றுமில்லை. மேட்டில் அவர் எனக்காக நின்று, "மெதுவா வா, அவசரம் இல்ல" என்கிறார். நான் ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் உட்கார்ந்துகொள்கிறேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் டாக்டரிடம் நின்றால் வீட்டை யார் பார்ப்பது?

அக்கா


மார்ச் 11

அக்கா,

நெஞ்சைத் திறந்து தைத்த மனிதர் மேட்டில் நின்று உனக்காகக் காத்திருக்கிறார். நீ பின்தங்கி ஷூ நாடா கட்டுகிறாய். இதைச் சந்தோஷச் சமாசாரமாக எழுதியிருக்கிறாயே, உனக்கு உறைக்கவில்லையா?

ஒரு லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று நின்று போனால் நீ என்ன செய்வாய்? "ஒன்றுமில்லை, வயசு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாயா? பூட்டி சீல் வைத்துவிட்டுத்தானே வெளியே வருவாய்?

அந்தப் பையை நான்தான் அனுப்பினேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ எங்கேயாவது விழுந்தால், நான் என்ன செய்வேன்? நாளைக்கே போ. போய்விட்டு எழுது. போகாமல் எழுதாதே.

தம்பி


மார்ச் 19

அக்கா,

போகாமல் எழுதாதே என்று நான் எழுதியது கோபத்தில். எழுது. ஒரு வரி போதும்.

நேற்று வீட்டு நம்பருக்குப் போன் பண்ணினேன். அவர் எடுத்தார். "ஹலோ" என்றார், மறுபடி "ஹலோ" என்றார். நான் வைத்துவிட்டேன். உன் கைபேசி அணைந்தே கிடக்கிறது. பெரியப்பா மகளும் வெளியூர் போயிருக்கிறாளாம். கடையில் யாரோ ஒருவர் பை கேட்டார், நான் ஷூவை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வரி.

தம்பி


மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கையில் ஊசி. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அவர் இல்லை, நான்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம். இவனுக்கு என்ன தெரியும் என்று பதில் எழுதாமல் மடித்து வைத்தேன். மறுநாள் மைதானத்துக்குப் போனோம். மரப்பாலம் தாண்டி ஒரு மேடு. அவர் முன்னால் போனார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அப்புறம் முதுகு இல்லை, வானம்தான் இருந்தது. விழுந்த ஞாபகமே இல்லை.

கண் விழித்தபோது நான் புல்லில் மல்லாந்து கிடந்தேன். பையைப் படுக்கவைத்து என் கால் இரண்டையும் அதன்மேல் தூக்கி வைத்திருந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னைப் பாரு. வேற எங்கயும் பாக்காத, என்னையே பாரு." பின்னால் வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து மட்டையைத் தலைக்கு மேலே ஆட்டி ஒரு கூப்பாடு போட்டார் பார், மைதானமே திரும்பியது. நவம்பருக்குப் பிறகு அவர் அப்படிக் குரல் எழுப்பி நான் கேட்டதில்லை. ஓடவில்லை. ஓடினால் தானும் விழுந்துவிடுவோம் என்று தெரிந்து என்னை விட்டு நகராமல் இருந்தார். என் சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து என் நாக்கில் வைக்கப் போய், வேண்டாம் என்று திரும்பப் பையிலேயே போட்டுவிட்டாராம். கொடுக்காதது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர்.

என் நெஞ்சுக்குள் மின்சாரம் நடுவழியில் நின்று நின்று வருகிறதாம். துடிப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, மாதக்கணக்கில். நான் அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தோள்பட்டைக்குக் கீழே இடது பக்கம் பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமாம். வருகிற இருபத்தொன்பதாம் தேதி. சின்ன வேலை என்கிறார்கள். நானும் கட்டிடக்காரர்களிடம் அப்படித்தான் சொல்வேன், சின்ன வேலை என்று.

பயமாக இருக்கிறது தம்பி. என்னைவிட, நான் உள்ளே இருக்கிற நேரத்தில் அவர் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பாரே, அதுதான். நேற்று சொன்னார், "உன் தம்பி போன் பண்ணினான்." பேசினானா என்று கேட்டேன். "பேசல. மூச்சு விட்டான். அவன் மூச்சு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் பக்கத்துல நின்னு ஆடியிருக்கேன்."

சமாதானம் ஆகு என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார். அது போதும்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

இருபத்தெட்டாம் தேதி மாலை வந்துவிடுவேன். நேராக ஆஸ்பத்திரிக்கு. எந்த மாடி என்று எழுதவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

பயப்படாதே என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கே பயமாக இருக்கிறது. அவர் மாத்திரைகளை எந்தெந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிவை. அவரிடம் கேட்டால் சொல்லமாட்டார்.

தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நீ போய்ச் சேர்ந்து போன் பண்ணியும் நான் கடிதம் எழுதுகிறேன். பழகிவிட்டது. போனில் நீ "சரி, சரி" என்று மட்டும்தான் சொல்கிறாய்.

கருவி நன்றாக வேலை செய்கிறது. இன்னும் கொஞ்ச காலம் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடாது. தலைவாரிவிடுவது அவர்தான். வகிடு ஆறு மாதிரி வளைந்து ஓடுகிறது. அப்படியே ஆபீஸ் போகிறேன்.

வராந்தாவில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "டீ நல்லா இல்லன்னு பேசினோம்" என்றார். வேறு? "வேற என்ன, ரெண்டாவது டீயும் நல்லா இல்ல."

நீ கிளம்புவதற்கு முன்னால் அவரோடு ஆடப் போனாயே, அன்றைக்கு நான் கிளப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். என்ன பட்டேன் என்பது தெரியாது. தூரத்தில் நீ பையோடு, அவர் கைவீசிக்கொண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு லாரி போகிற இடைவெளி. மேட்டில் ஏறியதும் இருவரும் நின்றுவிட்டீர்கள். அவர் கை நெஞ்சுக்குப் போனது. எனக்கு உயிரே இல்லை. பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். ஓடவும் முடியாது. அப்போது காற்றில் குரல் வந்தது. "ஆறாம் நம்பர் மட்டையைக் கொடுடா! எனக்குத் தெரியாதா?" நீயும் கத்தினாய். "ஏழுதான் சரி! எட்டிப் பாருங்க, குழி எங்க இருக்குன்னு!" நெஞ்சில் கைவைத்தது, 'என்னையா சொல்ற' என்பதற்காம்! இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டீர்கள். மறுபடி உட்கார்ந்தேன். தோட்டக்காரர் வந்து, "அங்க என்னம்மா தகராறு?" என்றார். "இருக்கட்டும், போடட்டும்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், அவர் என்ன நினைத்தாரோ.

இப்போது ஒரு வேலை. அவருக்கு இனி லேசான கனம் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டதிலிருந்து மனிதர் நிலைகொள்ளவில்லை. இன்று காலை சொன்னார்: "இனிமே நான் தூக்கறேன். நீ சும்மா என் பின்னால வராத, நீயும் ஆடு. உன் தம்பிகிட்ட கேளு, ரெண்டு பேருக்கும் என்ன பை சரின்னு. உனக்கு இடது தோள்ல பட்டை உராயக்கூடாது." நீங்களே கேளுங்களேன் என்றேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அக்கா


மே 9

அத்தானுக்கு,

அக்கா எழுதியிருந்தாள். கேட்டது நீங்கள் என்பதால் பதிலை உங்களுக்கே எழுதுகிறேன். எப்படியும் அவள்தான் கவரைப் பிரிப்பாள். பரவாயில்லை.

இரண்டு பை வேண்டாம். அக்காவுக்கென்று ஒன்று வாங்கினால், கை ஆறியதும் எல்லாவற்றையும் அதில் போட்டு அவளே சுமப்பாள். உங்களுக்குத் தெரியும். ஒரே பை போதும். ஏழு மட்டை, அதையே இருவரும் மாற்றி மாற்றி ஆடலாம். விளையாட்டாக ஆடும்போது யாரும் கேட்கமாட்டார்கள். குழல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. அக்காவுக்கு அது சரிப்படாது என்று அப்போது ஒதுக்கினேன், காலில்லாமல் குனிந்து எடுக்க வேண்டும் என்பதால். இப்போது அதே கனத்தில் சின்னதாக இரண்டு கால் வைத்துப் புதிதாக வந்திருக்கிறது. நேற்று ஒரு மணி நேரம் தூக்கி நடந்து பார்த்தேன். நீங்கள் தூக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை பையையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள், நான் சொன்னேன் என்று தூக்கவேண்டாம்.

அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில்கூடக் கொடுக்காதீர்கள். மட்டையை வீசுவதற்கு அவள் டாக்டர் சரி என்று சொல்கிறவரைக்கும் குழிக்குப் பக்கத்துப் பச்சைப் புல்லில் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது மட்டும். "ஒன்றுமில்லை" என்று அவள் சொன்னால் அந்த இடத்திலேயே பையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். உங்களைப் பற்றி அவளும் இதையேதான் சொல்கிறாள்.

பாலம் தாண்டி அந்த மேட்டுக்கு இப்போது போகவேண்டாம். பாலத்தோடு திரும்பிவிடுங்கள். நான் அடுத்த மாதம் லீவு போட்டிருக்கிறேன். மேடு ஏறுவதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

உங்கள் இரண்டு பேரையும் நினைத்தால் இங்கே கடையில் எனக்குக் கை ஓடவில்லை. நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதுங்கள், அத்தான். எத்தனை குழி நடந்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். எத்தனை அடியில் முடித்தீர்கள் என்று கேட்கமாட்டேன்.

உங்கள் மைத்துனன்